ஷியா உலமாவுக்கு அரசில் எங்கே இடம்? தெஹ்ரானும் நஜஃபும் பெய்ரூத்தும் காட்டும் நான்கு வழிகள்

ஒரு நாட்டில் பழைய ஆட்சி போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். கடைத்தெருவை அடைக்க வைத்ததும் ஊர்வலத்துக்கு ஆள் திரட்டியதும் பள்ளிவாசலும் அதன் உலமாவும் (மார்க்க அறிஞர்களும்)தான். இனி அரசியல் சாசனம் எழுத வேண்டும். அந்த உலமாவுக்கு அதில் எந்த இடம் தருவது? ஷியாக்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளில் இந்தக் கேள்வி மூன்று முறை நேராகவே எழுந்தது. 1906-இல் தெஹ்ரானில், 1979-இல் மறுபடி தெஹ்ரானில், 2003-இல் பாக்தாதில். ஒவ்வொரு முறையும் வேறு விடை கிடைத்தது. பெரும்பான்மை என்று சொல்ல முடியாத லெபனானில் நான்காவதாக ஒரு விடை உருவானது. நான்கும் ஏட்டளவில் நின்றவை அல்ல, நடைமுறையில் சோதிக்கப்பட்டவை. அதனால் எது எங்கே முறிந்தது என்று திட்டமாகவே சொல்ல முடிகிறது.

ஒப்பிடுவதற்கு முன் ஓர் அடிப்படை. ஷியா மார்க்க அறிஞரின் செல்வாக்கு அரசுப் பதவியில் முளைத்ததல்ல. பன்னிரு இமாம்களை ஏற்கும் மரபில், பன்னிரண்டாம் இமாம் மறைவில் இருக்கிறார். அவர் வெளிப்படும்வரை மார்க்கச் சட்டத்தை ஆய்ந்து தீர்ப்புச் சொல்லும் தகுதி முஜ்தஹிதுக்கு உண்டு. அந்தத் தகுதி இல்லாதவர், உயிரோடிருக்கும் ஒரு முஜ்தஹிதைத் தேர்ந்து அவரைப் பின்பற்ற வேண்டும். இதுதான் தக்லீத். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஈராக்கின் கர்பலாவில் வஹீத் பெஹ்பஹானி, முஜ்தஹிதின் ஆய்வுத் தீர்ப்பை ஏற்கும் உஸூலி மரபை நிலைநாட்டிய பின் இதுவே பொது வழக்காயிற்று. இப்படிப் பலரால் பின்பற்றப்படுபவரே மர்ஜா. சென்னை ஆயிரம்விளக்கில் ஒரு ஷியா குடும்பம் ஈராக்கின் நஜஃபில் உள்ள மர்ஜாவைப் பின்பற்றலாம். பக்கத்து வீட்டார் ஈரானின் கோம் நகரத்தில் உள்ள வேறொருவரைப் பின்பற்றலாம். யாரும் தடுக்க முடியாது.

பணமும் அதே வழியில்தான் போகிறது. ஆண்டுச் செலவு போக மிஞ்சும் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு குமுஸ். அதில் பாதி இமாமின் பங்கு. அது மர்ஜாவிடமோ ஊரில் உள்ள அவருடைய வகீலிடமோ (பிரதிநிதியிடமோ) சேரும். மறு பாதி நபியின் வழிவந்த ஏழை சையிதுகளுக்கு உரியது. மாணவர் உதவித்தொகை, மதரஸா, மருத்துவமனை எல்லாம் இதிலிருந்தே நடக்கின்றன. அரசின் சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாததால்தான் இந்த உலமாவால் ஷாவையும் எதிர்க்க முடிந்தது, பிரிட்டிஷாரையும் எதிர்க்க முடிந்தது. ஆகவே எந்த வழியை எடைபோட்டாலும் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: இந்த ஏற்பாட்டில் பின்பற்றுபவர் தன் அறிஞரை விட்டு விலக முடியுமா? அறிஞரின் பணம் யார் கையிலிருந்து வருகிறது?

இரண்டாம் கேள்விக்கு இந்தியாவிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அவத் அரசர் காசியுத்தீன் ஹைதர் 1825-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிரந்தரக் கடனாக ஒரு கோடி ரூபாய் கொடுத்தார். அதன் வட்டியில் ஒரு பகுதி 1850 வாக்கிலிருந்து நஜஃபுக்கும் கர்பலாவுக்கும் போகத் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகள் அந்தப் பங்கீட்டைக் கொண்டு உலமாவை வளைக்கப் பார்த்தார்கள். பணம் வாங்கியவர்கள்மேல் மக்களுக்கு ஐயம் வந்ததுதான் மிச்சம். தருமப் பணமே ஆனாலும், அது வெளியார் கை வழியாக வந்தால் அறிஞரின் சொல்லுக்கு மதிப்புக் குறைந்துவிடுகிறது.

முதல் வழி: வெளியே நின்று தடுப்பது

இதன் தூய வடிவம் 1891-இல் தெரிந்தது. நாசிருத்தீன் ஷா 1890-இல் ஈரானின் புகையிலை விளைச்சல், விற்பனை, ஏற்றுமதி அனைத்தையும் டால்பட் என்ற ஆங்கிலேயருக்கு 50 ஆண்டுக்குக் குத்தகையாகக் கொடுத்தார். ஷாவுக்கு ஆண்டுக்கு 15,000 பவுண்டு, அத்துடன் இலாபத்தில் கால் பங்கு. 1891 டிசம்பரில் சாமர்ராவில் இருந்த மர்ஜா மிர்ஸா ஹசன் ஷீராஸியின் பெயரில் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) வந்தது: புகையிலையை எந்த வகையில் பயன்படுத்தினாலும் அது மறைவில் உள்ள இமாமோடு போர் தொடுப்பதற்குச் சமம். கடைகள் அடைபட்டன, ஹுக்காக்கள் மூலைக்குப் போயின; ஷாவின் அந்தப்புரத்திலேயே புகைப்பது நின்றது. 1892 ஜனவரியில் குத்தகை ரத்தானது. நிறுவனத்துக்கு ஈரான் ஐந்து லட்சம் பவுண்டு நட்டஈடு கொடுக்க நேர்ந்தது. ஷீராஸி உடனே தடையை விலக்கிக்கொண்டார்.

இது வென்றதற்கான காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கோரிக்கை ஒன்றே ஒன்று. ஒவ்வொருவரும் தன் வீட்டிலேயே கடைப்பிடிக்கக்கூடியது. அறிஞர் இருந்த சாமர்ரா உஸ்மானியர் நிலம். ஷாவின் கை அங்கே எட்டாது. நோக்கம் நிறைவேறியதும் கட்டளை முடிந்தது. பின்வந்த ஃபத்வாக்கள் பலவற்றில் இந்தக் கடைசிக் கூறு விடுபட்டது. அதன் விளைவைக் கீழே பார்க்கலாம்.

இதே வழியை நூறாண்டுக்குப் பின் எடுத்தவர் நஜஃபின் மர்ஜா அலி சிஸ்தானி. ஈராக் உலமா அரசியலில் அடிபட்ட வரலாறு நீண்டது. பிரிட்டிஷாருக்கு எதிரான 1920 கிளர்ச்சிக்குக் கர்பலாவிலிருந்து முஹம்மத் தகீ ஷீராஸி ஃபத்வா கொடுத்தார். 1923-இல் மூத்த முஜ்தஹிதுகள் ஈரானுக்குப் போக நேர்ந்தது. அரசியலில் தலையிடமாட்டோம் என்று உறுதி கொடுத்த பிறகே 1924-இல் அவர்களில் பலர் திரும்பினார்கள். 1980 ஏப்ரலில் நஜஃப் அறிஞர் முஹம்மத் பாகிர் சத்ரும் அவருடைய தங்கையும் சதாம் அரசால் கொல்லப்பட்டார்கள். சிஸ்தானியின் ஆசிரியர் அபுல்காசிம் கூயீ, அநாதைகளின் சொத்து, பொறுப்பாளர் இல்லாத வக்ஃப் போன்றவற்றில்தான் அறிஞருக்குப் பொறுப்பு உண்டு, நாட்டை ஆள்வது அதில் அடங்காது என்ற கருத்துடையவர். 1991 கிளர்ச்சிக்குப் பின் அவரையும் சதாம் அரசு பிடித்துக்கொண்டு போனது. ஒதுங்கி நிற்பவரை அடக்குமுறை அரசு ஒதுங்கி நிற்க விடுவதில்லை. நஜஃபின் மௌனத்தைப் போற்றுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

2003-இல் சிஸ்தானி செய்தது மௌனமும் அல்ல, ஆட்சியும் அல்ல. தாங்கள் நியமிக்கும் குழு சாசனம் எழுதும் என்று அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் தரப்பு நினைத்திருந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் சிஸ்தானி சில வரிகளில் ஒரு ஃபத்வா கொடுத்தார்: சாசனம் எழுதுபவர்களை ஈராக்கியர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்; பிறகு அந்தச் சாசனம் பொது வாக்கெடுப்புக்குப் போக வேண்டும். நவம்பர் 15-இல் வந்த மாற்றுத் திட்டமும் நேரடித் தேர்தலைத் தவிர்த்தது. 2004 ஜனவரியில் பாக்தாதில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் தெருவில் இறங்கினார்கள். ஐ.நா. தூதர் லக்தர் பிராஹிமி வந்து விசாரித்தார். 2005 ஜனவரி 30-இல் தேர்தல், அதே ஆண்டு அக்டோபர் 15-இல் வாக்கெடுப்பு. ஈரானில் பிறந்த சிஸ்தானி ஈராக்கியக் குடியுரிமை வாங்கவில்லை. அவரால் வாக்களிக்கவே முடியாது. மக்களின் வாக்குரிமைக்காக அவர் வாதாடியதில் அவருக்கென்று எந்த ஆதாயமும் இல்லை. அவர் சொல்லை மற்றவர்களும் கேட்டதற்கு அது ஒரு காரணம்.

இந்த வழி முறிந்த இடங்களையும் சொல்ல வேண்டும். முதலாவது, பெயர்த் திருட்டு. 2005 ஜனவரித் தேர்தலில் 169 என்ற எண் கொண்ட ஷியாக் கூட்டணி சிஸ்தானியின் படத்தை ஊரெங்கும் ஒட்டி 275 இடங்களில் 140 பிடித்தது. அதன் பிறகு அந்தக் கட்சிகள் செய்த தவறுகளெல்லாம் அவர் கணக்கில் ஏறின. இரண்டாவது, முடிவுத் தேதி இல்லாத கட்டளை. 2014 ஜூன் 10-இல் மோசுல் நகரம் ஐ.எஸ். ஆயுதக் குழுவிடம் விழுந்தது. 13-ஆம் தேதி ஜும்ஆ உரையில் அவருடைய பிரதிநிதி அப்துல் மஹ்தி கர்பலாயீ, நாட்டைக் காக்க முடிந்தவர்கள் பாதுகாப்புப் படைகளில் சேர வேண்டும் என்ற ஃபத்வாவை அறிவித்தார். சொன்னது அரசுப் படைகளில் சேரும்படி. நடந்தது வேறு: ஆள்கள் பெருமளவில் ஹஷ்த் அல்-ஷஅபி (மக்கள் அணிதிரள் படை) என்ற குடையின்கீழ் சேர்ந்தார்கள், அதற்குள் தெஹ்ரானோடு நெருங்கிய ஆயுதக் குழுக்கள் முன்பே இடம்பிடித்திருந்தன. 2016-இல் அது சட்டப்படி நிலையான அமைப்பாயிற்று. ஐ.எஸ். தோற்ற பிறகும் கலையவில்லை. கர்பலா, நஜஃப் தர்காக்களோடு இணைந்த படைப்பிரிவுகளை 2020-இல் பிரித்துப் பிரதமரின் நேரடிப் பொறுப்பில் வைக்க வேண்டியதாயிற்று. ஷீராஸி தன் புகையிலைத் தடையைத் தானே விலக்கியதைப்போல இங்கே செய்ய வழியே இல்லை. துப்பாக்கிக்கும் சம்பளத்துக்கும் அரசு பட்ஜெட்டில் இடம் கிடைத்துவிட்டது.

ஆனாலும் ஆட்சியாளரைப் பதவியிலிருந்து இறக்கும் ஆற்றல் இந்த வழியில் குறைவதில்லை. 2014 ஜூலையில் தஅவா கட்சிக்குச் சிஸ்தானி எழுதிய கடிதத்துக்குப் பின் அதன் தலைவரான பிரதமர் மாலிகி விலகினார். 2019 நவம்பர் 29-இல், தெருவில் நூற்றுக்கணக்கானோர் சுடப்பட்டு இறந்திருந்த வேளையில், நாடாளுமன்றம் தன் தெரிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அவர் உரையில் கேட்டதும் அன்றே பிரதமர் ஆதில் அப்துல் மஹ்தி பதவி விலகுவதாக அறிவித்தார். இறக்க முடிகிறது, ஆனால் நல்லாட்சி ஒன்றை ஏற்றி நடத்திக்காட்ட முடிவதில்லை. அந்த வேலை கட்சிகளுடையது.

இரண்டாம் வழி: சட்டத்தைச் சரிபார்க்கும் குழு

1906 கோடையில் தெஹ்ரான் உலமா ஊரைவிட்டு வெளியேறிக் கோம் போனார்கள். வணிகர்களும் கைவினைஞர்களும் பல்லாயிரம் பேராகப் பிரிட்டிஷ் தூதரக வளாகத்தில் அடைக்கலம் புகுந்தார்கள். ஆகஸ்ட் 5-இல் ஷா பணிந்தார். மஜ்லிஸ் (நாடாளுமன்றம்) பிறந்தது. தலைமை தாங்கியவர்கள் அப்துல்லா பெஹ்பஹானியும் முஹம்மத் தபாதபாயியும். நஜஃபிலிருந்து ஆகுந்த் குராஸானி ஆதரித்தார். தெஹ்ரானில் ஃபஸ்லுல்லா நூரி முதலில் உடன்பட்டுப் பிறகு எதிர்த்தார். மனிதர் இயற்றும் சட்டம் ஷரீஅத்தை மீறாமல் இருக்க வேண்டும் என்ற அவருடைய வற்புறுத்தலின் விளைவே 1907 அக்டோபர் துணைச் சாசனத்தின் இரண்டாம் பிரிவு.

அதன் பொறிமுறை இன்றும் கவனிக்கத்தக்கது. உலமா இருபது பேரின் பெயரைத் தருவார்கள். அவர்களிலிருந்து ஐந்து பேருக்குக் குறையாமல் மஜ்லிஸ் தேர்ந்தெடுக்கும். அவர்கள் காலத்தின் தேவைகளையும் அறிந்தவர்களாக இருக்க வேண்டும். ஷரீஅத்துக்கு மாறான மசோதாவை முழுமையாகவோ பகுதியாகவோ அவர்கள் நிராகரித்தால் அந்த முடிவே இறுதி. இமாம் மஹ்தி வெளிப்படும்வரை இந்தப் பிரிவை மாற்ற முடியாது. பெயர் தருவது ஒரு கை, தேர்வு செய்வது இன்னொரு கை என்பது இதன் சிறப்பு. குருமார் தங்களைத் தாங்களே நியமித்துக்கொள்ளவில்லை, மன்னரும் அவர்களை நியமிக்கவில்லை. பின்னர் வந்த எந்த ஏற்பாட்டிலும் இந்தச் சமன் இல்லை.

ஆனால் எழுதாமல் விட்டது நிறைய. குழு எத்தனை நாளில் கருத்துச் சொல்ல வேண்டும்? உறுப்பினரின் பதவிக்காலம் எவ்வளவு? உலமா இரு அணியானால் யாருடைய பட்டியல் செல்லும்? எதற்கும் விடை இல்லை. கடைசிக் கேள்விதான் முதலில் வெடித்தது. 1909 ஜூலையில் சாசனவாதிகள் தெஹ்ரானைப் பிடித்ததும் நூரி தூக்கிலிடப்பட்டார். 1910-இல் பெஹ்பஹானி கொல்லப்பட்டார். எதிரெதிர் அணியில் நின்ற இரண்டு முஜ்தஹிதுகளும் ஓராண்டு இடைவெளியில் இறந்தார்கள். நகரத்து உலமாவில் பலர் அதோடு ஒதுங்கிக்கொண்டார்கள். இரண்டாம் மஜ்லிஸில் ஒருமுறை குழுவுக்குப் பெயர்கள் வந்தன. ஹசன் முதர்ரிஸ் அவைக்குள் நுழைந்தது அப்படித்தான். பிறகு அந்தப் பிரிவை யாரும் செயல்படுத்தவில்லை. பின்னர் மன்னரான ரிஸா ஷா அதை நீக்கவும் இல்லை, பொருட்படுத்தவும் இல்லை. முதர்ரிஸ் 1937-இல் சிறைக்காவலில் கொல்லப்பட்டார். ஏட்டில் 1979 வரை அந்தப் பிரிவு இருந்தது.

எனவே இந்த வழி தோற்றது கருத்துப் பிழையால் அல்ல என்பது எங்கள் மதிப்பீடு. அதை நடத்திவைக்கச் செயலகமும் கெடுவும் நீதிமன்றத் துணையும் இல்லாமல் போனதால் தோற்றது. சரியாக எழுதினால் இது வேலை செய்யக்கூடும். 2005 ஈராக் சாசனம் இதன் மெலிந்த வடிவம் ஒன்றை எடுத்தது: இரண்டாம் பிரிவின்படி இஸ்லாத்தின் நிலைபெற்ற விதிகளுக்கும் மாறாகச் சட்டம் கூடாது, மக்களாட்சி நெறிகளுக்கும் மாறாகச் சட்டம் கூடாது. 92-ஆம் பிரிவு கூட்டாட்சி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகளோடு மார்க்கச் சட்ட வல்லுநர்களுக்கும் இடம் தருகிறது. எத்தனை பேர், எப்படி வாக்களிப்பார்கள் என்பதைப் பின்னர் இயற்றும் சட்டத்துக்கு விட்டது. 1907-இன் குறையே இங்கும் திரும்பி வந்திருக்கிறது.

மூன்றாம் வழி: அறிஞரே ஆள்வது

ஈரானிய மார்க்க அறிஞர் ரூஹுல்லா கொமேனி 1970-இல் நஜஃப் மாணவர்களுக்கு ஆற்றிய உரைகளில் இந்தக் கருத்தை விரித்தார்: நபிக்கும் இமாம்களுக்கும் இருந்த ஆட்சிப் பொறுப்பு, மறைவுக் காலத்தில் நீதி வழுவாத மார்க்கச் சட்ட அறிஞருக்கு உரியது. இதுவே விலாயத்தே ஃபகீஹ். அன்று மூத்த மர்ஜாக்களில் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. 1979 பிப்ரவரி 1-இல் அவர் நாடு திரும்பினார், 11-இல் பழைய அரசு வீழ்ந்தது. அந்த ஜூனில் வெளியான முதல் சாசன வரைவில் இந்தக் கோட்பாடே இல்லை. சிறு திருத்தங்களோடு அதை வாக்கெடுப்புக்கு விடக் கொமேனியும் சம்மதித்தார். தேர்ந்தெடுத்த அவை ஒன்று அதை ஆராய வேண்டும் என்று நின்றது பிரதமர் பாஸர்கான் தரப்பு. ஆகஸ்டில் வந்த அவையில் உலமாவே பெரும்பான்மை. முன்தஸரீ தலைவர், பெஹெஷ்தி துணைத்தலைவர். ஐந்தாம் பிரிவில் விலாயத் நுழைந்தது. டிசம்பர் வாக்கெடுப்பில் சட்டமானது. எதிர்த்த மர்ஜா காஸிம் ஷரீஅத்மதாரியின் ஆதரவாளர்கள் தப்ரீஸில் கிளர்ந்தெழுந்து அடக்கப்பட்டார்கள். 1982-இல் அவருடைய மர்ஜா தகுதி பறிக்கப்பட்டதாக அறிவித்து அவரை வீட்டுக்காவலில் வைத்தார்கள். மர்ஜாவை மக்கள் தேர்கிறார்கள் என்ற மரபு வழக்கத்தின் மேல் விழுந்த முதல் பெரிய அடி அதுதான்.

அமைப்பின் உள்வேலையைப் பார்க்கலாம். ஆளும் அறிஞரான தலைவர் தளபதிகளையும் நீதித்துறைத் தலைவரையும் வானொலி, தொலைக்காட்சித் தலைவரையும் நியமிக்கிறார். மசோதாக்களைச் சரிபார்க்கும் காவலர் மன்றத்தில் பன்னிருவர்: ஆறு மார்க்க அறிஞர்களைத் தலைவர் நியமிக்கிறார், ஆறு சட்ட வல்லுநர்களை நீதித்துறைத் தலைவர் முன்மொழிய மஜ்லிஸ் தேர்கிறது. பதவிக்காலம் ஆறு ஆண்டு. மசோதாவைப் பத்து நாளில் பார்க்க வேண்டும், தேவையானால் இன்னும் பத்து நாள். கெடுவும் பதவிக்காலமும் எழுதிவைத்ததில் 1907-ஐவிட இது மேல். பிழை வேறிடத்தில் இருக்கிறது. தலைவரைத் தேர்ந்து கண்காணிப்பது 88 பேர் கொண்ட வல்லுநர் பேரவை. அந்தப் பேரவைக்குப் போட்டியிடுபவரைச் சலிப்பது காவலர் மன்றம். அந்த மன்றத்தின் மார்க்க அறிஞர்களை நியமிப்பவர் தலைவர். கண்காணிக்கப்படுபவர் தன்னைக் கண்காணிப்பவரைச் சலிக்கும் வட்டம் இது. 2016-இல் கொமேனியின் பேரன் ஹசன் கொமேனியே பேரவைத் தேர்தலில் நிற்கத் தகுதியற்றவர் எனத் தள்ளப்பட்டார். 2021 அதிபர் தேர்தலுக்குப் பதிந்த 592 பேரில் ஏழு பேருக்கே அனுமதி கிடைத்தது.

மார்க்கத்துக்கு என்ன ஆனது என்பது இதைவிடக் கனமான கேள்வி. 1980-களில் நிலச்சீர்திருத்தம், தொழிலாளர் சட்டம் போன்ற மசோதாக்களைத் தனிச்சொத்துரிமைக்கு மாறானவை என்று காவலர் மன்றம் மீண்டும் மீண்டும் திருப்பியது. முட்டுக்கட்டையை உடைக்க 1988 ஜனவரியில் கொமேனி எழுதிய கடிதத்தில், ஆட்சி என்பது இஸ்லாத்தின் முதன்மைக் கட்டளைகளில் ஒன்று, தொழுகை, நோன்பு, ஹஜ் முதலிய கிளைக் கட்டளைகளுக்கும் அது முந்தியது என்றார். அடுத்த மாதமே நலன் காக்கும் மன்றம் அமைந்தது. மஜ்லிஸுக்கும் காவலர் மன்றத்துக்கும் இடையிலான வழக்கில் அரசின் நலன் பார்த்து அது முடிவு சொல்லும். ஷரீஅத்தைக் காக்க உலமா ஆட்சிக்கு வர வேண்டும் என்று தொடங்கிய வாதம், பத்தாவது ஆண்டுக்குள் ஆட்சியைக் காக்க ஷரீஅத்தை ஒதுக்கலாம் என்று முடிந்தது. இதை ஒருவரின் குணக்கேடு என்று நாங்கள் கருதவில்லை. பட்ஜெட்டும் போரும் நடத்தும் எந்த அறிஞரும் இங்கேதான் வந்து சேர்வார்.

வாரிசுச் சிக்கலும் அதே பிழையிலிருந்து வந்தது. வாரிசாக அறிவிக்கப்பட்டிருந்த முன்தஸரீ, 1988 கோடையில் சிறைக்கைதிகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டதைக் கண்டித்தார். 1989 மார்ச்சில் நீக்கப்பட்டார். ஜூன் 3-இல் கொமேனி இறந்தார். மர்ஜாவாக இருப்பவரே தலைவர் ஆகலாம் என்று சாசனம் சொல்லிக்கொண்டிருக்கையில், மறுநாளே மர்ஜா அல்லாத அலி காமனெயியைப் பேரவை தேர்ந்தது. ஜூலைத் திருத்தத்தில் மர்ஜா நிபந்தனை போனது. ஆளத் தகுதி கல்வியிலிருந்து வருகிறது என்பதுதானே கோட்பாட்டின் உயிர்? அந்த உயிரைக் கோட்பாட்டின் காவலர்களே பிரித்துவிட்டார்கள். எதிர்க்குரல் கொடுக்கும் உலமாவை விசாரிக்க 1987 முதல் தனி நீதிமன்றம் இயங்கிவருகிறது. அது தலைவருக்கு மட்டுமே பதில் சொல்லும். முன்தஸரீ 1997-இலிருந்து 2003 வரை வீட்டுக்காவலில் இருந்தார். ஷாவின் காலத்தில் கோமின் மதரஸாக்களுக்கு இருந்த பேச்சுரிமைகூட இங்கே சுருங்கியது. மஜ்லிஸிலும் உலமாவின் பங்கு குறைந்துகொண்டே வந்தது: 1980-இன் முதல் மஜ்லிஸில் ஏறத்தாழப் பாதி, 2016-இல் 16 பேர்.

இந்த வழியின் நன்மையையும் மறைக்க வேண்டியதில்லை. முடிவெடுக்கும் வேகம், போர்க்காலத்தில் ஒற்றைக் கட்டளை, 1979-க்குப் பின் சிதறிக்கிடந்த புரட்சிக் குழுக்களை ஒரே குடையின்கீழ்க் கொண்டுவந்தது ஆகியவை உண்மையான சாதனைகள். ஆனால் அவற்றைப் பெறக் கொடுத்த விலையைத் திரும்ப வாங்கும் வழி சாசனத்தில் இல்லை.

நான்காம் வழி: கட்சித் தலைவராக உலமா

லெபனானில் மூஸா சத்ர் 1959-இல் தெற்கிலுள்ள தைர் (டயர்) நகருக்கு வந்து பள்ளிகளும் தொழிற்பயிற்சியும் கட்டினார். 1969-இல் ஷியா உயர் மன்றத்தின் தலைவரானார், 1974-இல் வறியோர் இயக்கத்தைத் தொடங்கினார். 1978 ஆகஸ்டு 31-இல் லிபியாவில் காணாமற்போனார். அவருக்குப் பின் பாதை பிரிந்தது. அவருடைய இயக்கத்திலிருந்து வந்த அமல் வழக்கறிஞர் நபீஹ் பெர்ரியின் கைக்குப் போனது. 1982-இல் முளைத்த ஹிஸ்புல்லா உலமாவின் தலைமையில், ஈரானின் தலைவரைத் தன் வலீயாக (மார்க்க ஆட்சித் தலைவராக) ஏற்று நின்றது. 1992 முதல் நாடாளுமன்றத்திலும் அமர்கிறது. பள்ளி, மருத்துவமனை, வீடுகட்ட உதவி என்று அரசு தராததை அது தந்தது உண்மை. குறை இதுதான்: போரும் அமைதியும் பற்றிய முடிவு, லெபனான் வாக்காளர் மாற்ற முடியாத ஒருவரிடம் போய் நிற்கிறது. லெபனான் அறிஞர் முஹம்மத் மஹ்தி ஷம்சுத்தீன் இதற்கு மாற்றாக, மறைவுக் காலத்தில் சமுதாயமே தன்னைத்தான் ஆளும் பொறுப்புடையது என்று வாதிட்டார். அவருக்குப் படை இல்லை; அதனால் அவர் குரல் எட்டிய தூரம் குறைவு.

ஈராக்கில் முக்ததா சத்ர் இதே வழியின் இன்னொரு பலவீனத்தை வெளிக்காட்டினார். அவர் முஜ்தஹித் அல்ல. தந்தையின் பெயரும் மக்கள் திரளும் அவருடைய பலம். 2021 தேர்தலில் 73 இடங்கள் பிடித்து முதலிடம் பெற்றார். அரசு அமைக்க முடியாமல் 2022 ஜூனில் உறுப்பினர்களை விலகச் செய்தார். ஆகஸ்டு இறுதியில், அந்த இயக்கத்தாரில் பலர் பின்பற்றிய காஸிம் ஹாயிரி மர்ஜா பொறுப்பிலிருந்து விலகி, இனி காமனெயியைப் பின்பற்றுங்கள் என்று அறிக்கை விட்டார். ஆகஸ்டு 29-இல் முக்ததா அரசியலிலிருந்து விலகுவதாக அறிவித்தார்; அரசு அலுவலகங்கள் உள்ள பாக்தாதின் பசுமை வளாகத்தில் துப்பாக்கிச் சண்டை மூண்டு மறுநாள் மதியத்துக்குள் ஏறத்தாழ முப்பது பேர் இறந்தார்கள். கட்சியின் மார்க்கத் தகுதி வெளியாரிடம் இரவல் வாங்கியதாக இருந்தால், அவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நாளில் தெருவில் இரத்தம் சிந்தும்.

எதைத் தேர்வது

ஷியாக்கள் சிறுபான்மையாக இருக்கும் நாட்டுக்குப் பெரிய குழப்பம் இல்லை. பாகிஸ்தானில் ஸியாவுல் ஹக் 1980-இல் ஜகாத்தை அரசே பிடித்தம் செய்யும் சட்டம் கொண்டுவந்தபோது, முஃப்தி ஜஃபர் ஹுசைன் தலைமையில் ஷியாக்கள் ஜூலையில் இஸ்லாமாபாதில் திரண்டார்கள். தங்களுக்கு விலக்குப் பெற்றுத் திரும்பினார்கள். ஒற்றைக் கோரிக்கை, தெளிவான முடிவு. முதல் வழியே அங்கே போதும்.

பெரும்பான்மை நாட்டுக்கும் முதல் வழியையே பரிந்துரைக்கிறோம், சில பூட்டுகளோடு. மர்ஜாக்களின் படத்தையும் பெயரையும் தேர்தல் பரப்புரையில் பயன்படுத்துவதைச் சட்டம் தடுக்க வேண்டும். ஆயுதமெடுக்கச் சொல்லும் ஃபத்வாவில் யாருடைய கட்டளையின்கீழ், எதுவரை என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டும் இல்லாத அழைப்பை அரசு படைச்சேர்க்கைக்கு அடிப்படையாக எடுக்கக் கூடாது. குமுஸ் கணக்கில் அரசு கைவைக்கக் கூடாது. மதரஸாக்களுக்கு அரசு மானியமும் வேண்டாம். மானியம் வந்தால் இரண்டே தலைமுறையில் ஹவ்ஸா (உலமாவின் கல்விக்கூடம்) அரசு அலுவலகமாகிவிடும்.

மக்கள் சரிபார்ப்புக் குழு வேண்டும் என்று உறுதியாகக் கேட்டால் இரண்டாம் வழிக்குப் போகலாம். 1907-இன் இரு கை நியமனத்தையும் 1979-இன் கெடுவையும் பதவிக்காலத்தையும் சேர்த்து எழுத வேண்டும். உலமா இரு பட்டியல் கொடுத்தால் இரண்டிலிருந்தும் அவை தேரலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மசோதாவைத் தானாக எடுத்துப் பார்க்கும் அதிகாரம் வேண்டாம். யாராவது கேட்டால் பார்க்கட்டும். குழு மறுத்ததை அவை மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் மீண்டும் நிறைவேற்றலாம் என்ற வழி திறந்திருக்க வேண்டும். வேட்பாளரைச் சலிக்கும் வேலையை மட்டும் அந்தக் குழுவிடம் எக்காரணம் கொண்டும் கொடுக்கக் கூடாது. ஈரானில் சட்டம் பார்க்கும் மன்றத்துக்குத் தேர்தல் மேற்பார்வையையும் 99-ஆம் பிரிவு கொடுத்தது. ஒப்புதல் தரும் அதிகாரமே தனக்கு உண்டு என்று 1991-இல் அந்த மன்றம் அதற்குப் பொருள் விரித்தது. மற்றதெல்லாம் அங்கிருந்து வந்தது.

முதல் வழியில் தீராமல் நிற்கும் ஒரு சிக்கல் வாரிசு. நஜஃபில் தேர்தல் இல்லை, கெடு இல்லை. 1992 ஆகஸ்டில் கூயீ இறந்தபின் அப்துல் அஃலா சப்ஸவாரி முன்னுக்கு வந்தார். அவர் அடுத்த ஆண்டே இறந்தார். சிஸ்தானியைப் பெரும்பான்மையோர் ஏற்கச் சில ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் பணமும் வக்ஃப் சொத்தும் பிள்ளைகளிடமோ அலுவலகத்தாரிடமோ தேங்கிவிடும். பக்கத்து நாட்டு அரசு விலைபேச வரும் நேரமும் அதுதான். கூயீ உயிரோடிருந்தபோதே இதற்கு ஓர் ஏற்பாடு செய்தார். 1989-இல் லண்டனில் அவர் பெயரில் தொடங்கிய அறக்கட்டளைக்கு அறங்காவலர் குழு வைத்தார்; அவருக்குப் பின் அதன் புரவலராக அடுத்த மர்ஜா வருமாறு செய்தார்; சிஸ்தானி அப்படித்தான் வந்தார். பிள்ளைக்குச் சொத்து, வாரிசுக்குப் பட்டம் என்று ஒன்றாகக் குழையாமல் இருக்க, இன்றுள்ள ஒவ்வொரு மர்ஜா அலுவலகமும் தன் மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் இப்படி ஓர் ஆவணத்தை எழுதிப் பதிந்துவைக்க வேண்டும். சாசன அவை கூடும் நாளுக்கு முன்பே அது முடிந்திருக்க வேண்டும்.